மருத்துவர் ஐடா ஸ்கட்டர்

தென்னிந்தியாவில் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் நிலவியது. வேலூரில் வாழ்ந்த அமெரிக்க மறைப்பணியாளர் ஒருவரின் வீட்டு வாயிலில் பசியால் வாடிய குழந்தைகள் கூடினர். எடுத்து உண்ணவும் வலுவற்றுக் கிடந்தவர்களுக்கு உணவை வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. அவ்வாறு ஊட்டியவர்களுள் ஒருவர், அவருடைய சிறு மகள் ஐடா.

ஐடா 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர், 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டு வந்த மருத்துவர். பிள்ளைகளும் பேரர்களும் அதே பணியைத் தொடர்ந்தனர். ஐடாவோ அதை விரும்பவில்லை. பஞ்சத்தில் கண்ட காட்சிகள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலும். அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ எண்ணியிருந்தார். தாய் நோயுற்றதால் 1890இல் திண்டிவனம் வந்தார். அதுவும் விரைவில் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே.

அங்கே ஓரிரவு, பிராமணர் ஒருவர் கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா கூறினார். பிற ஆடவர் தம் மனைவியைத் தொடலாகாது என்று அவர் மறுத்துச் சென்றார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். பின்னர் மற்றோர் இந்துவும் வந்தார். மூவரும் கேட்டது ஒன்றே. மருத்துவம் கல்லாத ஐடாவால் எவருக்கும் உதவ இயலவில்லை. விடிந்தபின் விசாரித்தபோது, மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது. மருத்துவர் அருகிலேயே இருந்தும், அவர் ஆண் என்பதால் மூன்று உயிர்கள் போயின. இதனை இறைவனின் அழைப்பாகவே ஐடா ஏற்றார்.

அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பினார். சில மாதங்களிலேயே தந்தை மறைந்தார். வழிகாட்ட மூத்த மருத்துவர் உடன் இல்லை. வீட்டிலிருந்த ஒரு சிற்றறையே முதல் மருத்துவமனை. ஒரே படுக்கை. தொடக்கத்தில் மக்கள் வரத் தயங்கினர். எனினும் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்கு அவர் மருத்துவம் செய்தார். 1902இல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வர இயலாதவர்களைத் தேடி அவரே சென்றார். முதலில் மாட்டுவண்டி, 1909 முதல் மோட்டார் வண்டி. குதிரையும் மாடுமின்றி ஓடிவந்த அவ்வண்டியைக் கண்டு சிற்றூர் மக்கள் அஞ்சி ஓடினராம்! குடியாத்தம் சாலையில் மரநிழலே மருந்தகமாயிற்று. புண்ணைக் கழுவிக் கட்டுதல், கண்ணுக்கு மருந்திடுதல், பிறர் நெருங்க அஞ்சிய தொழுநோயாளியைத் தொட்டுப் பார்த்தல் எனப் பொழுது கழியும். உடன் சென்றோர் இயேசுவின் கதைகளைச் சொல்வதும் உண்டு.

தாம் ஒருவர் மட்டும் போதாது என்பதை ஐடா நன்கு உணர்ந்திருந்தார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று பெண்கள் முன்வந்தாலே அரிது என்றனர் அதிகாரிகள். வந்த விண்ணப்பங்களோ 151! நான்கு ஆண்டுகளுக்குப் பின் தேர்வெழுதிய 14 பேரும் வெற்றி பெற்றனர். அப்பள்ளி பின்னர்க் கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆடவரும் அதில் பயிலத் தொடங்கினர்.

1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார். இன்று வேலூர் மருத்துவமனைக்குச் செல்வோர் இறங்கும் காட்பாடி தொடர்வண்டி நிலையத்தில், தமிழோடு வங்காளமும் இந்தியும் ஒலிப்பதைக் கேட்கலாம்.