அடுக்களையிற் பிறந்த அறிவியல்

கல்வி கலாசாலை வாயிலாக மட்டும் வருவதன்று. அவ்வாயில் அடைக்கப்பட்டவிடத்தும் தம் முயற்சியால் அறிவின் உச்சியை எய்தியோர் சிலர் உளர். அவருள் ஒருவர் ஜேர்மனி நாட்டு அக்னெஸ் பொக்கெல்ஸ் அம்மையார். தமிழ் கற்பிக்கும் யான் இயற்பியலறிஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆசிரியர் யாவரும் அறியவேண்டிய வரலாறு இஃதெனக் கருதியே எழுதுகின்றேன்.

அம்மையார் 1862 பெப்ரவரி 14 ஆம் திகதி, அந்நாளில் ஒஸ்திரியப் பேரரசின்கீழ் இருந்த வெனிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் படையிற் பணிபுரிந்தவர். மலேரியாக் காய்ச்சலால் நலிந்து ஓய்வு பெற்றார். 1871 இல் குடும்பம் பிறவுண்ஷ்வைக் நகரிற் குடியேறியது. அங்கே பெண்கள் பாடசாலையிற் பயின்ற அக்னெசுக்கு இயற்பியலில் வேட்கை மிகுந்தது. ஆயினும் அக்காலத்துச் சர்வகலாசாலைகள் பெண்களை ஏற்றில. பின்னர் வழி பிறந்தபோதும் பெற்றோர் பொருட்டு வீட்டிலேயே தங்கினார். கொட்டிங்கனில் இயற்பியல் கற்ற தம்பி பிரீட்ரிக் அனுப்பிய நூல்களே அவருக்கு ஆசிரியராயின.

நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்றது. அவ்விழுவிசையாலேயே துளி உருண்டு திரள்கின்றது. எண்ணெய் சிறிது பரவினும், சவர்க்காரம் சிறிது கரையினும் அவ்விசை தளர்கின்றது. நீரிற் கரைந்த பொருள் உள்ளே நிற்பதினும் மேற்பரப்பில் மிகுதியாகச் சேர்தலைப் புறத்துறிஞ்சல் என்பர். அமெரிக்க அறிஞர் கிப்ஸ் 1870களில் இதனைக் கணிதத்தால் நிறுவினார். மேற்பரப்பின் இயல்பை அம்மையார் அடுக்களையில் அளக்கத் தலைப்பட்டார்.

70 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் உடைய தகரத்தொட்டி ஒன்று. நீர்ப்பரப்பைத் தொடுமாறு குறுக்கே வைத்த தகரப்பட்டி ஒன்று. பரப்பினின்று சிறுவட்டு ஒன்றைப் பிரித்தெடுக்கும் விசையை நிறுக்கத் தராசு ஒன்று. இவையே அவர் ஆய்வுகூடம். பட்டியை நகர்த்தி மாசு படிந்த பரப்பைச் சுருக்கினார். குறித்த ஓரெல்லை வரையும் இழுவிசை மாறாது நின்றது; அதன்பின் விரைந்து குறைந்தது. படலங்களின் இயலுக்கு இதுவே வித்து.

ஏறக்குறையப் பத்தாண்டுகள் இவ்வறிவு வீட்டினுள்ளே கிடந்தது. 1891 ஜனவரியில், இதே பொருளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆங்கிலப் பேரறிஞர் றேலிப் பிரபுவுக்கு அம்மையார் கடிதம் எழுதினார். பட்டமில்லாப் பெண்ணின் கடிதமென அவர் தள்ளவில்லை. அதன் கருத்தைத் தமதாக்கிக்கொள்ளவும் இல்லை. மொழிபெயர்ப்பித்து நேச்சர் இதழுக்கு அனுப்பினார். மார்ச் 12 இல் அஃது அம்மையார் பெயராலேயே வெளிவந்தது. கற்றோர்க்கு அழகு இதனின் வேறு யாது?

1914 இல் அம்மையார் திண்பொருளின்மேல் திரவம் பரவுதலையும், துளி பொருளோடு அமைக்கும் தொடுகோணத்தையும் பற்றி எழுதினார். மண்ணியலாருக்கு இன்று இக்கோணம் இன்றியமையாதது. இலைச்சருகும் பூஞ்சணமும் தந்த மெழுகுப்பொருள் மணலைப் போர்த்தால், கோணம் 90 பாகையைக் கடக்க, மழைத்துளி உட்புகாது உருண்டு நிற்கும். நிலம் வறண்டிருக்கவே நீர் வழிந்தோடி மண்ணை அரிக்கும். இத்தகைய நிலத்தைச் சோதிப்போர் எதனோல் கலந்த நீரைத் துளித்துளியாக இடுவர். எதனோல் மேற்பரப்பிற் சேர்ந்து இழுவிசையைக் குறைப்பதால் துளி உட்புகும். எவ்வளவு எதனோல் வேண்டியதோ அவ்வளவு கொடியது மண்ணின் நீர்வெறுப்பு.

தம்பி 1913 இல் மறைந்தார், போரும் மூண்டது, நூல்கள் கிடைத்தல் அரிதாயிற்று. அமெரிக்கரான லாங்மியூர் அம்மையாரின் தொட்டியைத் திருத்தியமைத்து ஆராய்ந்து, 1932 இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வாண்டிலேயே, எழுபது வயதில், பிறவுண்ஷ்வைக் தொழினுட்ப உயர்கலாசாலை அம்மையாருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. 1935 நவம்பர் 21 இல் அவர் மறைந்தார்.

பட்டம் வந்தது, காலந்தாழ்த்தே வந்தது. நம் வகுப்புகளிலும் கேள்வியை உள்ளடக்கி வாளாவிருக்கும் மாணவியர் பலர். அவர்தம் கடிதம் வரும்போது றேலியாக நிற்றல் ஆசிரியர் கடன்.