ரத்தத்தைக் கண்டு படிப்பை விட்டவர்... ஒளியின் ரகசியத்தைப் பிடித்த கதை!

டாக்டர் ஆகணும்னு படிக்கப் போனவர், ரத்தத்தைப் பார்க்க முடியாமல் படிப்பையே பாதியில் விட்டுட்டார். அவர் பெயர் லியோன் ஃபூக்கோ. 1819-ல் பாரிஸில் பிறந்தவர். சின்ன வயசுல அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனதால், வீட்டிலேயேதான் பாடம். கருவிகளை நுணுக்கமாகச் செய்யும் கை மட்டும் அவருக்கு வாய்த்திருந்தது. பிறகு, செய்தித்தாளில் அறிவியல் செய்திகள் எழுதும் வேலையிலும் சேர்ந்தார்.

அந்தக் காலத்து விஞ்ஞானிகளை ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. தண்ணீர் டம்ளரில் போட்ட ஸ்பூன் உடைஞ்ச மாதிரி தெரியுது இல்லையா? தண்ணீருக்குள் போகும்போதும் வரும்போதும் ஒளி வளைவதுதான் காரணம். ஆனால், ஏன் வளைகிறது?

ஒளி என்பது துகள்கள், தண்ணீருக்குள் அது வேகமாகப் போகும் என்பது நியூட்டன் வழிவந்தவர்களின் கணக்கு. இல்லை, ஒளி ஓர் அலை, தண்ணீரில் மெதுவாகத்தான் போகும் என்றது இன்னொரு தரப்பு. வேகத்தை அளந்துவிட்டால் தீர்ப்பு தெரிஞ்சிடும். அதற்குச் சுழலும் கண்ணாடியை வைத்து ஒரு வழி சொன்னவர், மூத்த விஞ்ஞானி அராகோ. ஆண்டு 1838. ஆனால், சோதனையை முடிப்பதற்குள் அவருடைய பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் இளைஞர்களுக்கு வழிவிட்டார்.

களத்தில் இறங்கியவர்கள் ஃபூக்கோவும் ஃபிஸோவும். 1845-ல் ஒன்றாகச் சேர்ந்து சூரியனைப் புகைப்படம் எடுத்த நண்பர்கள். ஆனால், இடையில் மனக்கசப்பு வந்து பிரிஞ்சுட்டாங்க. இப்போ, ஒரே சோதனைக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போட்டி!

ஃபூக்கோ செய்தது இதுதான். அசுர வேகத்தில் சுழலும் சின்னக் கண்ணாடியில் ஒளியைப் பட வைத்தார். அது எதிரே இருக்கும் நிலையான கண்ணாடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், சுழலும் கண்ணாடி கொஞ்சம் திரும்பியிருக்கும். அதனால் பிம்பம் லேசாக நகரும். ஒளி எவ்வளவு லேட்டாக வருதோ, அவ்வளவு அதிகமாக நகரும். ஒரு கதிரைக் காற்று வழியாகவும், இன்னொன்றைத் தண்ணீர் நிரப்பிய குழாய் வழியாகவும் அனுப்பினார். தண்ணீரில் வந்த கதிர்தான் லேட்!

1850-ல் ஃபூக்கோ முதலில் முடிவை அறிவித்தார். சில வாரங்களில் ஃபிஸோவும் அதையே உறுதிசெய்தார். அலைக் கட்சிக்குப் பெரிய வெற்றி.

ஒளி காற்றில் நொடிக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் போகும். தண்ணீரில் சுமார் 2.25 லட்சம், கண்ணாடியில் சுமார் 2 லட்சம்தான். நீங்க பார்க்கிற ரீல்ஸைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிளிலும் ஏறக்குறைய அதே 2 லட்சம்தான்.

1851-ல் ஓர் ஊசலைத் தொங்கவிட்டு, பூமி சுற்றுவதைக் கண்ணெதிரே காட்டினார் ஃபூக்கோ. 1862-ல் ஒளியின் வேகத்தை 2,98,000 கிலோமீட்டர் என அளந்தார். இன்றைய அளவோடு ஒப்பிட்டால், பிழை ஒரு சதவிகிதம்கூட இல்லை.

ஆனால், கடைசி மாதங்கள் கொடுமையானவை. நரம்பு நோய் தாக்கி, நுணுக்கமான வேலை செய்த கைகள் ஓய்ந்தன. பேச்சும் பார்வையும் மங்கின. 1868 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 48.

ஈஃபிள் டவர் போட்டோ கிடைத்தால், முதல் தளத்துக்குக் கீழே ஜூம் பண்ணிப் பாருங்க. அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் 72 பெயர்களில் அராகோ, ஃபிஸோ, ஃபூக்கோ மூணு பேருமே இருக்காங்க. பிரிந்த நண்பர்கள் இன்றைக்கும் ஒரே கோபுரத்தில்!