குளிரில் நடுங்கிய கணித மேதை! கம்பளிக்குள் படுக்கச் சொல்லித்தர ஆளில்லை

மரக்காணம்: மரக்காணம் உப்பளத்துக்குக் கிழக்கே விரிந்து கிடக்கிறது வங்கக்கடல். சென்னையில் இருந்து தெற்கே போகிற கப்பல்கள் இந்தப் பக்கமாகத்தான் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகணும். 1914-ம் ஆண்டு மார்ச் 17-ம் தேதி சென்னையில் புறப்பட்ட 'நெவாசா' என்ற கப்பலும் அப்படித்தான் போனது. அதில் இருந்த ஒரு பயணி, கண்ணீரோடு கப்பல் ஏறிய 26 வயது குமாஸ்தா. அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்!

அவர் கண்டுபிடித்த கணக்குகளைப் பற்றி ஊர் உலகமே பேசுகிறது. ஆனால் ஊர் பேர் தெரியாத நாட்டில், அடுத்தவர் வீட்டில் அவர் கழித்த முதல் நாட்கள் பலருக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் மாறிய ரயில்

ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், 1887 டிசம்பர் 22-ம் தேதி. வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடை கணக்கர். கணக்கில் புலி, மற்ற பாடத்தில் கோட்டை விட்டார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் பரீட்சையில் பெயில். 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் வேலை இல்லை.

1910-ல் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினார். விழுப்புரத்தில் இறங்கி, வண்டி மாறி, திருக்கோவிலூர் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். அவரிடம் ராமானுஜன் கேட்டது ஒரு சாதாரண குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த அய்யர் அசந்து போனார். இப்படிப்பட்ட ஆளைத் தாலுகா ஆபீசில் உட்காரவைத்தால் பாவம் என்று நினைத்து, சென்னையில் உள்ள பெரியவர்களைப் பார்க்கச் சொல்லி கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதம்தான் பாதையைத் திறந்தது. 1912 மார்ச்சில் சென்னை துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய். அங்கே இருந்தபடியே 1913 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி ஆடிப்போய்விட்டார். உடனே கிளம்பி வரும்படி அழைப்பு வந்தது.

குடுமி போச்சு, கோட்டு வந்தது

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று நம்பிய காலம் அது. முதலில் ராமானுஜன் மறுத்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அம்மா கோமளத்தம்மாளின் கனவில் வந்து மகனை அனுப்பச் சொன்னதாகவும், அதன் பிறகே வீட்டில் சம்மதம் கிடைத்ததாகவும் சொல்வார்கள்.

அந்த நேரம் பாடம் நடத்த சென்னை வந்தவர் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர். ராமானுஜனை எப்படியாவது அழைத்து வரும் பொறுப்பை ஹார்டி அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். நெவில் ராமானுஜனை விட ஒரு வயசு சின்னவர். இருவரும் சிநேகிதம் ஆனார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது.

அம்மாவையும் மனைவி ஜானகியையும் ஊருக்கு அனுப்பிவிட்ட பிறகுதான் குடுமியை வெட்டினார். அவர்கள் அதைப் பார்த்தால் தாங்கமாட்டார்கள். வேட்டி போய் பேன்ட், கோட்டு, ஷூ வந்தது. கத்தி, முள்கரண்டி பிடித்துச் சாப்பிடவும் பழகினார்.

ஆறு வாரம் ஒரு வீடு

ஏப்ரல் 14-ம் தேதி கப்பல் லண்டன் போய்ச் சேர்ந்தது. துறைமுகத்தில் நெவில் தன் அண்ணன் தம்பி உறவோடு காரில் வந்து காத்திருந்தார். இந்திய மாணவர்கள் வந்து இறங்குகிற லண்டன் குரோம்வெல் ரோடு விடுதியில் நாலு நாள் தங்கல். 18-ம் தேதி நெவில் அவரை கேம்பிரிட்ஜுக்கு, செஸ்டர்டன் ரோட்டில் இருந்த தன் சொந்த வீட்டுக்கே கூட்டிப்போனார். வீட்டில் நெவிலும் அவர் மனைவி ஆலிசும்.

சாப்பாடு சரிப்படவில்லை. பழக்கமில்லாத காய்கறிகள் வாய்க்கு ஒட்டவில்லை. 26 வருஷம் வெறுங்காலோடு திரிந்த பாதத்தை ஷூ கடித்தது. ஆனாலும் அந்த நாட்களில் ராமானுஜன் சந்தோஷமாகவே இருந்தார் என்கிறார்கள். காரணம், கணக்கு பேச ஹார்டி, லிட்டில்வுட் என்று பெரிய பெரிய ஆட்கள் இருந்தார்கள். சாயந்திரம் திரும்பினால் முகம் பார்த்துப் பேச ஒரு குடும்பம் இருந்தது.

இது நடந்தது சுமார் ஆறு வாரம்தான். கல்லூரிக்குப் பக்கத்தில் இருந்தால் வசதி என்று, ஜூன் மாதத் தொடக்கத்தில் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிமாறினார்.

போர்வை இருந்தும் நடுக்கம்

சுத்த சைவம் என்பதால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாமல் அறையிலேயே தானே சமைத்தார். ஆகஸ்டில் இங்கிலாந்து முதல் உலகப்போரில் இறங்கியது. ஹார்டி தினமும் பார்த்தார். ஆனால் இருவர் பேச்சும் கணக்கைச் சுற்றியே இருந்தது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிக்கிற வீடு இப்போது இல்லை.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள், கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ் பார்க்க வந்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர் இவர்தான். ராமானுஜன் கணப்பு அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தார். ராத்திரி குளிருக்குப் பயந்து ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, சால்வை போர்த்திப் படுத்தும் நடுக்கம் நிற்கவில்லை என்று தெரிந்தது.

மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்த்தார். அதிர்ச்சி! மேல்விரிப்புக்கு அடியில் கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகிக் கிடந்தன. அதை இழுத்து உள்ளே புகுந்து படுக்கணும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்புக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். பாய் விரித்துப் படுத்த ஊர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? மகலனோபிஸ்தான் விரித்துக் காட்டினார்.

உயர்ந்தது புகழ், உருகியது உடம்பு

1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ ஆன முதல் இந்தியர். புகழ் ஏற ஏற உடம்பு இறங்கியது. 1917-ல் படுத்தவர், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறினார். காசநோய் என்று வைத்தியம் பார்த்தார்கள். அமீபாவால் ஈரலில் வந்த நோயாக இருக்கலாம் என்று 1994-ல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. நோய் எதுவானாலும் போர்க்காலத் தட்டுப்பாடும், அரைகுறைச் சாப்பாடும், தனிமையும் அவரை வாட்டியது நிஜம்.

1919 மார்ச் 27-ம் தேதி கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். படுத்த படுக்கையிலும் கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை. 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32 மட்டுமே. அவர் பிறந்த நாள் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுவது குறிப்பிடத்தக்கது.

மரக்காணம் பக்கம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்துப் பிள்ளையை வெளியூர், வெளிநாடு படிக்க அனுப்ப ஆசைப்படும் பெற்றோர் உண்டு. பீசு கட்டினால் போதாது. போய் இறங்குகிற இடத்தில் விசாரிக்க ஒரு வீடு இருக்கா என்று பார்த்து அனுப்புங்கள். தெரியாததைக் கேட்க வெட்கப்படக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். உலகத்துக்கே கணக்கு சொன்னவருக்கும், கம்பளியை விரித்துக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டதே!