பாறையைப் படித்தவர்

குட்டீஸ், மல்லாங்கிணறு பக்கம் கிணறு வெட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கரிசல் மண் வரும். அப்புறம் சுக்கான் கல். அதற்கும் கீழே கடப்பாரைக்கு மசியாத கரும்பாறை. மேலே அள்ளிக் கொட்டிய கல்லை நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். அந்தக் கல்லைக் குனிந்து பார்ப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

இங்கிலாந்தில் 1834-ல் பிறந்த ஃபுட், 1858-ல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எந்த ஊரில் என்ன பாறை, அதில் என்ன கனிமம், தோண்டினால் கட்டுப்படியாகுமா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. அவரை அனுப்பியது நம் சென்னை மாகாணத்துக்கு! யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார்தான் அவருடைய மாமனார்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது ஆதிமனிதன் செய்த கல் ஆயுதம்! ஃபுட் என்றதும் எல்லோரும் சொல்வது இதைத்தான். ஆனால், அவர் சம்பளம் வாங்கியது கனிமம் தேடுவதற்காக.

அந்தக் காலத்தில் தங்க ஆசை பலரையும் பிடித்து ஆட்டியது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர் காடுகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று 1880 வாக்கில் லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. மக்கள் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிடைத்த தங்கமோ கொஞ்சம். சில ஆண்டுகளில் கம்பெனிகள் மூடிவிட்டன. போட்ட பணம் போனது போனதுதான். எந்தப் பாறையில் தேடுவது என்றே சரியாகத் தெரியாமல் தோண்டினால் வேறென்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குத்தான் ஃபுட் பல வருடம் விடை தேடினார். 1874-லேயே தார்வார் மாவட்டத்து டம்பல் மலைகளைப் பற்றி எழுதியிருந்தார். இன்று கப்பதகுட்டா என்று சொல்லப்படும் காட்டு மலைகள் அவை. மழை பெய்து ஓடைகள் ஓடியதும், ஜால்கர் என்ற மக்கள் அங்கே ஓடை மணலை மரத் தட்டில் அலசித் தங்கத்தூள் எடுப்பார்கள். எந்த ஓடையில் தங்கம் வருகிறது, அந்த ஓடை எந்தப் பாறையிலிருந்து இறங்குகிறது என்று பின்தொடர்ந்து போனார் ஃபுட்.

1882-ல் மைசூர் தங்க வயல்களைச் சுற்றிப் பார்த்தார். ஒரு விஷயம் புரிந்தது. தென்னிந்தியாவின் கருங்கல் பரப்புக்கு நடுவே, நாடா விரித்த மாதிரி நீளமாக வேறொரு பாறை ஓடுகிறது. தங்கம் பெரும்பாலும் அந்த நாடாக்களில்தான் இருக்கிறது! அதற்குத் தார்வார் பாறை வரிசை என்று பெயர் வைத்தார். அந்தப் பாறைகளில் பெரும்பகுதி, 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எரிமலை கக்கிய குழம்பு இறுகி உருமாறியது. அடேயப்பா! நெருப்பு அணைந்து எத்தனை காலம்!

கோலார் சுரங்கமும் அப்படி ஒரு நாடாவில்தான் இருந்தது. சுமார் 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் தந்துவிட்டு, 2001-ல் மூடப்பட்டது. ஹட்டி சுரங்கம் இன்னும் இயங்குகிறது. பெல்லாரி அருகே சந்தூர் மலைகளின் இரும்புத் தாதுவையும் ஃபுட் ஆராய்ந்து எழுதினார். இன்றும் அங்கே லாரி லாரியாக வெட்டி எடுக்கிறார்கள்.

நம் ஊர்ப் பக்கத்தையும் அவர் விடவில்லை. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் மண்ணியல் பற்றி அவர் எழுதிய நூல் 1883-ல் வந்தது. இன்றைய விருதுநகர் மாவட்டம் அன்று அந்த இரண்டுக்குள்தான் அடக்கம். தங்கம் இல்லையே என்று வருத்தமா? பந்தல்குடியில் சிமெண்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே!

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் சும்மா இருக்கவில்லை. பரோடா சமஸ்தானத்துப் பாறைகளை ஆராயப் போய்விட்டார். அவர் சேர்த்த கல் ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அவருடைய நினைவுச் சின்னம் நம் ஏற்காட்டில் இருக்கிறது. அடுத்த முறை சுற்றுலா போனால், தேவாலயத்தில் தேடிப் பாருங்கள்.