புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பலொன்று வழிதவறி, ஒன்பது நாட்கள் கடலில் அலைந்து, இலங்கையின் வடமேற்குக் கரையை அடைந்தது. அதில் இருந்தவர் இப்னு பதூதா. மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304இல் பிறந்து, 21 வயதில் ஹஜ் செய்யப் புறப்பட்டவர். டில்லியிலும் மாலைதீவிலும் காதியாராக இருந்துவிட்டு, மதுரை சுல்தானிடம் போய்க்கொண்டிருந்தார். சுல்தான் அவருக்குச் சகலன் முறை.

தமிழகக் கரைக்கு மூன்று நாள் ஓட்டம்தான். கப்பலில் தேர்ந்த வழிகாட்டி இல்லாததால் பயணம் மும்மடங்கு நீண்டது. அக்காலத்தில் இக்கடலில் ஓடிய கப்பல்கள் பலவற்றின் பலகைகள் ஆணியின்றித் தும்புக்கயிற்றால் தைக்கப்பட்டவை. பாறையில் மோதினால் ஆணியடித்த கப்பல் பிளந்துவிடும், தைத்தது நெகிழ்ந்துகொடுக்கும் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார்.

கரை தெரிந்தும் மாலுமிகள் இறங்க அஞ்சினார்கள். அது யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிப்பகுதி. கடலில் கப்பல்களைப் பிடிப்பவன் என்று அவனுக்குப் பெயர். காற்றோ பலத்துக்கொண்டிருந்தது. தன்னை இறக்கிவிட்டால் அரசனிடம் அடைக்கலம் கேட்பதாகச் சொல்லி, இப்னு பதூதா கரைக்குப் போனார்.

அரசன் அப்போது புத்தளத்தில் இருந்தான். மரமதிலும் மரக் கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய, அழகான பட்டினம் அது. வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கடற்கரையெங்கும் குவிந்துகிடந்தன. அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. வந்தவரை அருகில் இருத்தி உபசரித்தான், கப்பலில் இருந்தவர்களையும் கரைக்கு அழைப்பித்தான், முத்துக்களை அள்ளிக் கொடுத்தான்.

முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் சைவர்கள் சிவனொளிபாதமலை என்றும் வணங்கும் மலைக்குப் போக விரும்புவதாக விருந்தாளி சொன்னார். அரசன் பல்லக்கு கொடுத்தான். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், துணைக்குப் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் கூடச் சென்றார்கள். மலையேறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக அவர் புத்தளம் திரும்பும்வரை கப்பல் காத்திருந்தது.

மறுபடி புறப்பட்ட கப்பல் தமிழகக் கரையருகே தரைதட்டியது. மிதவையில் இடம் போதாததால் கூடவந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, உடையும் கப்பலின் பின்பக்கத்தில் இரவைக் கழித்தார். விடிந்ததும் அவரைப் படகில் ஏற்றிக் காப்பாற்றியவர்கள் அக்கரையின் இந்துக்கள். புத்தளத்தில் கிடைத்த முத்துக்களைப் பின்னர் மேற்குக் கடலில் கொள்ளையர் பறித்தார்கள். ஊர் திரும்பி, பயணக்கதையைச் சொல்லி எழுதவைத்த அவர் 1368 அல்லது 1369இல் காலமானார்.

யாழ்ப்பாண இராச்சியம் பற்றி நேரில் கண்டவர் விட்டுச்சென்ற சான்றுகள் மிகச் சில. அவற்றுள் இது முக்கியமானது. தமிழ் அரசனின் பெருமைக்காக இதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். அந்தப் பெருமை, கடலில் வந்த அந்நிய முஸ்லிம் ஒருவரை அவன் நடத்திய விதத்திலும் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து தங்கியது இதே புத்தளத்தில்தான். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறி கற்பிட்டியில் இறங்கினார்கள். வீடிழந்து, ஊரிழந்து அலைந்த நமக்கு அந்தப் படகுகளில் இருந்தவர்களின் நிலை விளங்காததல்ல. ஆரியச்சக்கரவர்த்தியின் கதையைச் சொல்லும்போது அவர்களின் கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.