வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள்

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (நவம்பர் 28, 1839 - சூலை 5, 1898) 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவரும் முருகனடியாரும் ஆவார். திருப்புகழ் சுவாமிகள், முருகதாச சுவாமிகள் ஆகிய பெயர்களாலும் அறியப்படுகிறார். விழுப்புரத்துக்கு அருகிலுள்ள திருவாமாத்தூரில் கௌமார மடத்தை நிறுவி, இறுதிக்காலத்தை அங்கேயே கழித்தார். முருகனை முழுமுதற் கடவுளாகக் கொள்ளும் சமயம் கௌமாரம் எனப்படும். அதைச் சார்ந்திருந்தும் ஏனைய தெய்வங்களையும் குறைவின்றிப் பாடியமை இவரது தனித்தன்மையாகும்.

இளமை

திருநெல்வேலியில் செந்தில்நாயகம் பிள்ளைக்கும் பேச்சிமுத்து அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சங்கரலிங்கம். எட்டு வயதில், சுரண்டையில் கோயில் கொண்டுள்ள பூமிகாத்தாள் என்னும் அம்மன் மீது வெண்பா பாடினார் என்பர். முதற்பாட்டே ஊர்த்தெய்வத்தின் மீது அமைந்தது குறிப்பிடத்தக்கது.

அருணகிரிநாதரின் திருப்புகழே இவரை ஆட்கொண்ட நூல். அதை ஓதுவதையும் பிறரை ஓதச் செய்வதையும் வாழ்நாட் கடமையாகக் கொண்டதால் திருப்புகழ் சுவாமிகள் என்ற பெயர் வந்தது. வ. த. சுப்பிரமணிய பிள்ளையின் திருப்புகழ்ப் பதிப்பின் முதற்பகுதி 1894 இல்தான் வெளிவந்தது. அதற்கு முன்னர் அப்பாடல்கள் பெரும்பாலும் ஏடுகளிலும் ஓதுவார் நாவிலுமே சிதறிக் கிடந்தன. தாம் அருணகிரிநாதரின் மறுபிறப்பு என்றும் சுவாமிகள் நம்பினார்.

வழிபாடும் பாட்டும்

பழனியாண்டவரைப் போலக் கோவணம் உடுத்து, கையில் தண்டம் ஏந்தியமையால் தண்டபாணி எனப்பட்டார். எனினும் இவர் மணம் புரிந்து மகப்பேறும் பெற்றவர். தலந்தோறும் சென்று அவ்வத்தலத்து இறைவனைப் பாடுவதே இவரது வழிபாட்டு முறை. கணபதி, முருகன், சிவன், சக்தி, திருமால், சூரியன் ஆகிய அறுவரையும் பாடினார். தில்லைத் திருவாயிரம், திருவரங்கத் திருவாயிரம் என்னும் இரு நூல்களின் பெயர்களே இதற்குச் சான்று. சைவ, வைணவப் பூசல்கள் ஓயாத காலத்தில் ஒரே புலவர் நடராசருக்கும் அரங்கநாதருக்கும் தனித்தனியே ஆயிரம் பாடியது எளிய செயலன்று.

இவரது வேண்டுதல் அமைதியானதாக இருக்கவில்லை. முருகன் நேரில் தோன்றித் தன் குறைகளைத் தீர்க்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார். அது நிறைவேறாதபோது மனம் வெதும்பி, பாடிய பாடல்களில் ஒரு பகுதியைத் தாமே அழித்துவிட்டார் எனக் கூறப்படுகிறது. இலட்சம் பாடல்கள் பாடியவர் என்பது மரபு. அவற்றில் ஒரு பகுதியே இன்று கிடைக்கின்றது.

இக்குறைகளுள் நாட்டின் நிலையும் அடங்கும். கொல்லாமையை வற்புறுத்திய சுவாமிகள், அந்நியர் ஆட்சி நீங்க வேண்டும் என்பதையும் இறைவனிடம் விண்ணப்பமாக வைத்தார். ஆங்கிலியர் அந்தாதி என்றே ஒரு நூல் செய்துள்ளார். பாரதியார் பிறந்தது 1882 இல் என்பதை நோக்க, இவரை விடுதலைப் பாடலின் முன்னோடியருள் ஒருவர் எனல் பொருந்தும்.

நூல்கள்

சந்தத்துக்கு முதன்மை தரும் வண்ணப் பாடல்களில் நிகரற்று விளங்கியதால் வண்ணச்சரபம் எனப்பட்டார் (சரபம் என்பது சிங்கத்தையும் வெல்லும் புராண விலங்கு). தொல்காப்பியம் 20 வண்ணங்களைக் கூறுகிறது. ஆனால் திருப்புகழ் போன்ற நீண்ட சந்தப் பாடல்களுக்குத் தனி இலக்கணம் தேவைப்பட்டது. அதற்காக வண்ணத்தியல்பு என்னும் நூலை இயற்றினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்துடன் புலமை என்பதையும் சேர்த்து அறுவகை இலக்கணம் செய்தார். தவத்தையும் இலக்கணமாக்கியது ஏழாம் இலக்கணம். பக்தியும் புலமையும் இவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை என்பதை இவ்வரிசையே காட்டும்.

புலவர் புராணம் 72 புலவர்களின் வரலாற்றைச் செய்யுளில் கூறுவது. செவிவழிக் கதைகள் மிகுதியாதலால் வரலாற்றுச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை தேவை. உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு 1894 இல்தான் வந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சங்க நூல்கள் பரவுவதற்கு முன் தமிழ்ப் புலவருலகம் தன்னைப் பற்றி எத்தகைய கதைகளைச் சொல்லி வந்தது என அறிய இந்நூல் பெரிதும் உதவும். தம் வரலாற்றையும் குருபர தத்துவம் என்ற பெயரில் செய்யுளாகவே எழுதினார்.

திருவாமாத்தூர்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் மயிலம் முருகன் கோயில் புகழ் பெற்றது. ஆயினும் சுவாமிகள் தங்கியது விழுப்புரத்தை அடுத்த, பம்பையாற்றங்கரையில் அமைந்த திருவாமாத்தூரில். இது தேவார மூவராலும் பாடப்பட்ட சிவத்தலம். அருணகிரிநாதரும் இத்தலத்து முருகனைப் பாடியுள்ளார். இரட்டைப் புலவர் இத்தலத்தின் மீது கலம்பகம் செய்தனர். பழம்பாடல்கள் இவ்வளவு நிறைந்த ஊரில் திருப்புகழ் சுவாமிகள் மடம் அமைத்தது இயல்பே.

1898 ஆனி மாதத்தில் இங்கேயே மறைந்தார். சமாதியும் இவ்வூரிலேயே உள்ளது. இவரைக் குருவாகக் கொண்ட இராமானந்த சுவாமிகள் கோயம்புத்தூர்ப் பகுதியில் சிரவை கௌமார மடாலயத்தை நிறுவினார். இவரது நூல்கள் பல அம்மடாலயத்தின் முயற்சியாலேயே அச்சாயின.