பால் சபாத்தியே

வனஸ்பதியை அறியாதவர் நம்மில் உண்டோ? ஓடும் எண்ணெயை நெய்போல் உறையவைக்கும் வித்தைக்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பால் சபாத்தியே.

இவர் 1854-இல் கர்க்கசோன் நகரில் பிறந்தார். பாரிசில் பயின்று 1880-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1884-இல் துலூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். பின்னர் பாரிஸ் பதவி தேடி வந்தபோதும் துலூசை விட்டுப் போகவில்லை.

1897-இல் எதிலீன் வாயுவையும் ஹைட்ரஜனையும் சூடான நிக்கல் தூளின் மீது செலுத்தினார். எதிலீன் ஹைட்ரஜனை ஏற்று ஈத்தேன் ஆயிற்று, நிக்கலோ குறையவில்லை. நிக்கல் ஹைட்ரஜனைச் சற்றுநேரம் தன்னிடம் வாங்கி எதிலீனிடம் கொடுத்துவிடுகிறது என்பது அவர் விளக்கம். கூலி கேட்காத தரகர் என்று வைத்துக்கொள்ளலாம்!

இவ்வாராய்ச்சிகளில் பல ஆண்டுகள் அவருக்குத் தோள்கொடுத்தவர் செந்தரென்ஸ் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். ஆயினும் 1912-ஆம் ஆண்டு நோபல் பரிசு சபாத்தியேக்கும், வேறோர் ஆய்வுக்காகக் கிரிஞ்ஞாருக்குமே கிடைத்தது. குருவானவர் பெயர் அதில் இல்லை. எனக்கு இது மனத்தாங்கலே.

சபாத்தியே ஆவி நிலைப் பொருள்களையே ஆராய்ந்தார். திரவ எண்ணெயிலும் இம்முறை பலிக்குமெனக் கண்டு 1902-இல் காப்புரிமை கோரியவர் ஜெர்மானியர் நார்மன். ஆனால் அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயில் டிரான்ஸ் கொழுப்பு உண்டாகி இதயத்திற்குக் கேடு செய்வது பிற்காலத்தில் தெரியவந்தது. 1941-இல் மறைந்த சபாத்தியே அதை அறியார்.

இப்பொழுது சில ஆராய்ச்சியாளர்கள் நிக்கலையே விட்டுவிட்டு, ஹைட்ரஜன் வாயுவில் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்திப் பார்க்கின்றனர். மூலக்கூறு பிளந்து தனி அணுக்களாகி, அதிகச் சூடின்றியே எண்ணெயில் சேர்கிறது. டிரான்ஸ் கொழுப்பைத் தவிர்ப்பதே அவர்கள் நோக்கம். அந்த எண்ணெய் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்கு வந்து சேரவில்லை.